பூட்ஸுக்குள் மழை

முஹ்ஸினா டீச்சரும் அவர் தம்பி முஸ்தாக்கும் எஞ்சின் கொட்டிலை அடைந்த சிறிது நேரத்தில், அவர்களுடைய ஓட்டோவுக்குப் பின்னால் பாதை சரிந்து விழுந்தது. பசறைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வேறு பாதை கிடையாது. நனைந்தபடி உள்ளே வந்தவர்களிடம், ஒரு காலத்தில் பதுளையில் டீச்சரிடம் விஞ்ஞானம் படித்த தயானி ஓடி வந்தாள்.

“டீச்சர், விசில காணோம். நான்தான் எடுத்தேன்னு சொல்றாரு கிளாக்கரய்யா.”

காட்டு மரங்களை மலையிலிருந்து இறக்க வெள்ளைக்காரர்கள் போட்ட சிறு ரயில்பாதையில், மிஞ்சியது அந்த ஒரு நீராவி எஞ்சின்தான். அதைத் துடைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவது தயானியின் வேலை. அதன் பித்தளை விசிலைத்தான் காணவில்லை. பாதை திறந்ததும் பொலிஸ் வரும், அவளும் இரண்டு பிள்ளைகளும் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று தோட்ட முகாமையாளரான தொரையிடம் போனில் பேசி முடித்திருந்தார் கிளாக்கர் ஜெயகுமார்.

ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். தகரக் கூரையில் மழை இரைந்தது. திருடியவர் யாராக இருந்தாலும் வெளியே போக வழியில்லை.

டீச்சர் ஒவ்வொருவராக விசாரித்தார். மழைக்கு முன் விசிலைத் துடைத்துவிட்டு, பின்பக்கச் சாய்ப்பில் தேநீர் போடப் போனதாகத் தயானி சொன்னாள். திரும்பி வருவதற்குள் மழை பிடித்துவிட்டது, விசிலும் போய்விட்டது. பதுளையில் பழம்பொருள் விற்கும் மிப்ரான் அப்போது வேனுக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். நேற்றுதான் கிளாக்கரிடம் விசிலுக்கு விலை கேட்டிருந்தார். இவன்தான் என்று முஸ்தாக் அக்காவின் காதில் சொன்னான். ஆனால் வேனிலும் பைகளிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜெயகுமார், மழைக்கு முன்பே வந்து முக்காலியில் உட்கார்ந்ததாகவும், இதுவரை வாசலைத் தாண்டவில்லை என்றும் சொன்னார். பிறகு எஞ்சின் படியில் டோர்ச் அடித்துக் காட்டினார். கரித்தூளில் ஒரு வெறுங்கால் தடம்.

“நானும் மிப்ரானும் பூட்ஸ் போட்டவங்க. நான் கழட்டவே இல்ல. இது யாரு காலு?”

சளக் சளக் என்று நடந்து அவர் தன் முக்காலிக்குத் திரும்பினார்.

படியில் ஏறப்போன முஸ்தாக்கைத் தயானி தடுத்தாள். “செருப்ப வாசலுக்கு வெளிய விட்டுட்டு ஏறுங்க அண்ணே. ஆயுத பூசைக்கு மாலை போடுற எஞ்சின்.” அவன் மழையில் செருப்பை விட்டுவிட்டு வந்தான்.

டீச்சர் முன்சக்கரத்தின் அருகே குந்தினார். தண்டவாளத்தின் மேல் ஒரு கைப்பிடி மணல் இருந்தது. சற்று முன் கொட்டியதுபோல் தூசி படியாமல் கிடந்தது.

“மழையில சக்கரம் வழுக்காம இருக்க, எஞ்சின் மேல மணல் பெட்டி வைப்பாங்க. அதுல இருந்து குழாய் வழியா தண்டவாளத்துல மணல் விழும். மேல எதையாவது திணிச்சா இங்க சிந்தும். பெட்டியத் திற, முஸ்தாக்.”

மணலைத் தோண்டி அவன் விசிலை எடுத்தான்.

“ராத்தா, அப்ப வெறுங்கால்?”

“உன் செருப்ப எடுத்துட்டு வா.”

அவன் கொண்டுவந்த செருப்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. டீச்சர் முக்காலியின் பக்கம் திரும்பினார். “மழைக்கு முன்னால வந்தவர், வெளிய போகாதவர், பூட்ஸ கழட்டாதவர். பிறகு நடக்கிறப்ப சளக் சளக்குன்னு அதுக்குள்ள எப்பிடித் தண்ணி? நீங்க மேல நிக்கிறப்ப மழை பிடிச்சிட்டுது. உங்க பூட்ஸ் வாசலுக்கு வெளிய இருந்துது.”

மிப்ரான் உள்ளே நனையாத தன் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“பூட்ஸோட ஏறியிருந்தா உங்கள நான் பிடிச்சிருக்க முடியாது, ஜெயகுமார்.”

அவர் எஞ்சினின் நெற்றியில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார். “எப்பிடி ஏறுறது டீச்சர்?” என்றார். “நானும் லயத்துல பொறந்தவன்தான்.”

டீச்சர் அவருடைய போனை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். தயானி கேட்டுக்கொண்டு நிற்க, ஜெயகுமார் தொரையிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாதை திறக்க மாலையாகும் என்று பதில் வந்தது.

ஐந்து பேரும் அந்தக் கூரைக்குக் கீழேயே இருந்தார்கள். தயானி ஆறிப்போன தேநீரைச் சூடாக்கி ஐந்து கோப்பைகளில் ஊற்றினாள். ஐந்தாவதை முக்காலியின் அருகே தரையில் வைத்துவிட்டு வந்தாள்.