இருட்டுப் படத்தில் என் கணவர்

அன்று காலை பத்து மணிக்கு வழக்கம்போல என் கணவரும் நானும் ஒன்றாகத்தான் நியூட்ரான் கூடத்துக்குள் போனோம். ஒரு பொருளைப் பிரிக்காமலே அதன் உட்புறத்தைப் படம் எடுக்கிற இடம் அது. கான்கிரீட் அறைக்குள் போய்ப் பொருளை மாற்றி வைப்பது அவர் வேலை. வெளியே கணினியில் படங்களைச் சுத்தம் செய்வது என் வேலை.

அதற்கான மென்பொருள் இலவசம். யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திக்கொள்ளலாம். எங்களுக்கு முன் இங்கே இருந்த தாடிக்காரர் எழுதியது. நியூட்ரான் கதிரை மூடிவிட்டு, துளி வெளிச்சமில்லாமல் ஓர் இருட்டுப் படம் எடுப்போம். கேமராவின் சொந்தக் கறைகள் அதில் பதியும். மற்ற படங்களிலிருந்து அதைக் கழித்துவிடுவோம். அறைக்கதவு பூட்டியிருந்தால்தான் மென்பொருள் இருட்டுப் படம் எடுக்கும். 'உள்ளே ஆள் இருக்கக் கூடாது' என்று தாடிக்காரர் குறிப்பு எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை.

கதிர்தான் மூடியிருக்கிறதே, ஆள் இருந்தால் என்ன? ஒவ்வொரு முறையும் அவர் வெளியே வந்து பூட்டுவதற்குள் பத்து நிமிடம் வீண். அவர் உள்ளே போனதும், பூட்டைச் சோதிக்கிற இரண்டு வரிகளை மென்பொருளிலிருந்து அழித்துவிட்டு இருட்டுப் படத்தை எடுத்தேன். என் அவசரப் புத்தியை எதால் அடிப்பது?

படம் வந்தது.

கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய படத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

கேமரா இருப்பது மூடிய பெட்டிக்குள். அதற்கு எதிரே ஒரு கண்ணாடி மட்டும்தான். கண்ணாடியில் இடவலம் மாறி விழுவதை மென்பொருள் நேராக்கித் தரும். வலது புருவத்துத் தழும்புகூடத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

மைக்கில் மெதுவாகக் கூப்பிட்டேன்.

"என்னங்க... வெளிய வந்துடுங்க."

காலடிச் சத்தம் மட்டும் நெருங்கியது. எங்கிருந்தோ தூசி கருகுகிற வாடை.

கதவு திறந்தது. சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

குரல் அவருடையதுதான்.

தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

மென்பொருள்தான் தப்பாகத் திருப்பிவிட்டதோ என்று பத்துத் தடவை சோதித்தேன். வீட்டுக்கு வந்து கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் வலது புருவம்.

மறுநாளே அந்த இரண்டு வரிகளையும் திரும்ப எழுதினேன். கதவைப் பூட்டித்தான் எடுக்கிறேன். ஆனாலும் ஒவ்வோர் இருட்டுப் படத்திலும் அவர் நிற்கிறார், உள்ளங்கையை என் பக்கம் அழுத்திக்கொண்டு. மென்பொருள் அதன் வேலையைச் செய்கிறது. எல்லாப் படங்களிலிருந்தும் அவரைக் கழித்துவிடுகிறது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

வீட்டில் இருப்பவர் இடது கையால் சாப்பிடுகிறார். நேற்று தட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்.

"நாளைக்கு நீ உள்ள போ. கம்ப்யூட்டரை நான் பாத்துக்கறேன்."

இன்று காலை அவருக்கு முன்னால் ஓடிவந்து மென்பொருளைத் திறந்தேன்.

நான் திரும்ப எழுதிய இரண்டு வரிகளும் அதில் இல்லை.