தோணிப் பச்சை

ஆறாவது சிப்பிக்குப் பச்சை நிறம் இல்லை.

ஆறாம் வகுப்பு ஜெஸ்மிக்குத் திங்கட்கிழமை பள்ளியில் கைவினைக் கண்காட்சி. உடைந்த கிரேயான்களை உருக்கிச் சிப்பி ஓடுகளில் ஊற்றி, ஆறிய பின் பெயர்த்தெடுத்தால், சிப்பி வடிவில் வண்ணக்கட்டி கிடைக்கும். கடற்கரையில் பொறுக்கிய ஓடுகளை உப்புப் போகக் கழுவி, உட்புறம் தேங்காய் எண்ணெய் தடவி, வரிசையாக வைத்திருந்தாள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கும் வேலை அம்மாவுடையது.

"ஏளா, நீ அடுப்புப் பக்கம் வராத. துண்டுகள மட்டும் கொண்டா" என்றாள் அம்மா.

ஐந்து சிப்பிகள் முடிந்தன. எஞ்சியதே மிகப் பெரியது. அதற்குப் பச்சைதான் பொருந்தும் என்று ஜெஸ்மி முடிவு செய்திருந்தாள். ஆனால் அவளுடைய டப்பாவில் பச்சை தீர்ந்துவிட்டது.

தம்பி இனிகோவிடம் ஒரு துண்டு இருந்தது. ஒன்றாம் வகுப்பில் படிக்கும் அவன், விரல்கணு நீளமே உள்ள ஒரு கரும்பச்சைக் கிரேயானைத் தீப்பெட்டியில் இட்டுத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். மாலைதோறும் ஒரு தோணி வரைவான். தோணியின் உடலுக்கு மட்டும் அந்தப் பச்சையைத் தொட்டும் தொடாமலும் தீட்டுவான்.

கேட்டால் தரமாட்டான். ஆகவே ஜெஸ்மி கேட்கவில்லை.

பச்சை, ஓட்டின் அடியை மட்டுமே நிரப்பியது. மேலே நீலத்தை ஊற்றினார்கள். ஆறில் அதுவே மிக அழகாக வந்தது.

மாலையில் இனிகோ தீப்பெட்டியைத் திறந்தான். தலையணையைத் தூக்கிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தான்.

"அக்கா, என் பச்சையப் பாத்தியா?"

"புதுசு வாங்கித் தாரேன்லே."

"புதுசு வேண்டாம். அது எங்க?"

ஜெஸ்மி ஆறாவது சிப்பியைக் காட்டினாள். இனிகோ அதைப் பார்த்தபடியே நின்றான். அவன் அழுதிருந்தால் அவளுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

"தீந்துட்டா?" என்று கேட்டான்.

"ஏம்லே அப்படிக் கேக்க?"

"அப்பா தோணிக்குப் போறதுக்கு முன்னால என்னைய பழைய துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. ஒவ்வொரு கிரேயானா தோணிமேல வச்சுப் பாத்தோம். இதுதான் சரியா இருந்துச்சு. 'இது தீருறதுக்குள்ள வந்துருவேன்'னு சொன்னாவ. நான் தீராம பாத்துக்கிட்டேன்."

அப்பாவின் தோணி மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்று திரும்பிக்கொண்டிருந்தது. எப்போது வருவார் என்று அப்பாவிடமே கேட்டுவிடலாம் என ஜெஸ்மி அம்மாவின் கைப்பேசியை எடுத்தாள்.

"நேத்தே அங்கன இருந்து பொறப்பட்டாச்சு. கரைப் பக்கம் வார வரைக்கும் போன் கிடைக்காது" என்ற அம்மா, தீப்பெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லையா ஒனக்கு?"

அன்று இனிகோ தோணி வரையவில்லை.

மறுநாள் கோயிலிலிருந்து திரும்பியதும், ஜெஸ்மி ஆறாவது சிப்பியையும் பழைய கரண்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாசற்படியில் அமர்ந்தாள். நீலத்தைச் சுரண்டத் தொடங்கினாள். நீலம் எளிதில் போகவில்லை. அதை அவள்தானே ஊற்றச் சொன்னாள்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, நகத்தைப் போன்ற மெல்லிய பச்சை ஓடு ஒன்று எஞ்சியது. அதில் அங்கங்கே நீல நரம்புகள் ஓடின. அதை இனிகோவிடம் நீட்டினாள். அவன் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான்.

"இது அந்தப் பச்சை இல்ல."

"இல்லதான். நான் கெடுத்துட்டேன். ஆனா பாரு, இன்னும் தீரல."

இனிகோ தாளின் மறுபக்கத்தைத் திருப்பினான். பிறகு ஒரு தோணி வரைந்தான். மிகச் சிறிய தோணி.

திங்கட்கிழமை கண்காட்சியில், 'ஆறு சிப்பிகள்' என்று எழுதியிருந்த அட்டையில் ஜெஸ்மி ஆறை அடித்து ஐந்து என்று திருத்தினாள். அந்தத் திருத்தம் அழகாக இல்லை. அட்டையை மாற்றி எழுத அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அப்பா வந்தார். பையைக் கீழே வைக்கும் முன்பே மகனிடம் கேட்டார்.

"ஏலே, பச்சை இருக்கா, தீந்துட்டா?"

இனிகோ அந்த மெல்லிய ஓட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "உருகிட்டு. தீரல."

யார் உருக்கியது என்று அவன் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

"நான்தாம்பா உருக்குனேன். அவன்ட்ட கேக்காம எடுத்துட்டேன்" என்றாள் ஜெஸ்மி.

அப்பா ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குத் தோணிகிட்ட போயி வச்சுப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மூவரும் போய்ப் பார்த்தார்கள். பொருந்தவில்லை. தோணி பழைய பச்சையிலேயே இருந்தது.

திரும்பும் வழியில் இனிகோ முன்னால் நடந்தான். பிறகு தானாகவே அக்காவின் பக்கம் திரும்பினான்.

"இனிமே என் கிரேயான எடுக்கணும்னா கேட்டுட்டு எடு."

"கேட்டா தருவியா?"

"தரமாட்டேன்" என்றான் இனிகோ. "ஆனா கேளு."