தேவதையின் கன்னம்

1992, செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது இருபது. பொழிச்சலூர் ஃபைபர் பட்டறையில் தேவதை அச்சை விட்டு வரவில்லை.

ஆப்பு வைத்துத் தட்டினார்கள். சிறகு நெகிழ்ந்தது, அங்கி நெகிழ்ந்தது. முகம் மட்டும் அச்சோடு அச்சாகப் பிடித்துக்கொண்டது.

பத்து மணிக்கு வந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் காந்திமதியிடம் முதலாளி பக்தவச்சலம் பொரிந்து தள்ளினார்.

"இவ வேலைதான் மேடம். வர்ற வெள்ளிக்கிழமை லீவு தரலைன்னு மெழுகு தேய்க்காம விட்டுட்டா. நாளைக்கு இந்த மோல்டு கடலூர் பார்ட்டிக்குப் போகணும். இனி உடைச்சாத்தான் வரும்."

"இன்னா சார், நானா?" வார்ப்பு ஒட்டாமல் கழன்று வர அச்சுக்குள் மெழுகு தேய்க்கும் தனம் முன்னால் வந்தாள். "நாலு கோட்டு தேய்ச்சேன் மேடம். வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயம். என்னை ஜீப்புல ஏத்தினா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டாங்க."

காந்திமதி மூன்றாமவர் பக்கம் திரும்பினாள். சவுரிமுத்து. தேவதையை முதலில் களிமண்ணில் பிசைந்தவர் அவர். அச்சுக்குள் ஃபைபர் மேட்டு என்கிற கண்ணாடிநார் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் ரெசின் பிசினைப் பூசுகிறவரும் அவரே.

"மெழுகு போட்ட மோல்டுல மேட்டு எப்படி நிக்கும்?"

"நிக்காது மேடம், வழுக்கிக்கினு எறங்கும். வெளி விளிம்புல மெழுகு கெடையாது. அங்க கிளிப்பு மாட்டிடுவோம். முகம் ஆழம், கிளிப்பு எட்டாது. கையாலதான் பிடிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"ரெசின் இறுகற வரைக்கும். பத்து நிமிஷம்."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான்."

சுவரோரம் பழைய தேவதைகள் ஆறு சாய்ந்திருந்தன. காந்திமதி ஒன்றைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பார்த்தாள். பிறகு மற்ற ஐந்தையும். கடைசியில் டார்ச்சை வாங்கி, அச்சில் மாட்டியிருந்ததற்குள் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"அந்த ஆறுலயும் கன்னத்துக்கு உள்பக்கம் அஞ்சு விரல் பள்ளம் இருக்கு. இதுல இல்லை. நேத்து நீங்க பிடிக்கவே இல்லை, சவுரிமுத்து. மேட்டு தானா நின்னிருக்கு. அப்படின்னா அங்க மெழுகு இல்லை."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றார் பக்தவச்சலம்.

"இவ மறந்திருந்தா, மேட்டு வழுக்காம நின்னப்பவே அவரு சத்தம் போட்டிருப்பார், சார். போடலை. பிடிச்சேன்னு பொய் சொல்றார். மெழுகைத் துடைச்சதே அவர்தான்."

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று.

"பிலோமி மேடம்," என்றார் சவுரிமுத்து. "என் பொண்ணு. போன வருஷம் மஞ்சக்காமாலையில போயிட்டா. அவ முகத்தைத்தான் வெச்சேன். வாரம் ஒருக்கா பத்து நிமிஷம் கன்னத்தைப் பிடிச்சுக்கினு இருப்பேன். கடலூர்ல யாரோ பிடிப்பாங்கன்னு நெனச்சா... தாங்கலை."

தனம் ஒரு தேவதையின் முன்னால் போய் நின்றாள். குழிவாகவே தேய்த்துத் தேய்த்துப் பழகிய முகம். மேடாக இப்போதுதான் நின்று பார்த்தாள்.

"நேத்து ஏன் பிடிக்கலை?" காந்திமதியின் குரல் தணிந்திருந்தது.

"கடைசித் தடவை மேடம். வெச்சா கையை எடுத்திருக்க மாட்டேன்." அவர் தனத்தைப் பார்த்தார். "மொதலாளி உன் பேரை இழுப்பாருன்னு நெனைக்கலம்மா. இழுத்தப்பவாவது வாயைத் தொறந்திருக்கணும்."

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அண்ணா? முகத்துல மெழுகு படாம நானே விட்டிருப்பேனே."

பக்தவச்சலம் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, எதன் மேல் அடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஜீப்புல ஏறுங்க," என்றாள் காந்திமதி.

ஏறுவதற்கு முன் சவுரிமுத்து அச்சுக்குள் கையை விட்டு, கன்னத்தின் உட்புறத்தில் ஐந்து விரலையும் வைத்து அழுத்தினார்.

ரெசின் இறுகிப் போயிருந்தது. விரல் பதியவில்லை.