தகடு எடுக்க வந்தவர்

ஷூவைக் கழற்றி வைத்த பிறகும் கருவி கத்தியது.

கத்தவே கூடாது. உலோகம் தேடும் அந்த மிஷினின் காதை ரகுநாத் அடிமட்டத்துக்குத் திருகி வைத்திருந்தான். ஆணி, பாட்டில் மூடி, பழைய சைக்கிள் செயின் எதற்கும் அது அசையாது. அது கத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான். அவனுடைய இடது ஷூவின் நுனியில், சாக்ஸுக்கு அடியில், கனமான இரும்புத் துண்டு ஒன்று உண்டு. கருவியின் வட்டத் தட்டால் தரையைத் தடவிக்கொண்டே போவான். வேண்டிய இடம் வந்ததும் காலைக் கொஞ்சம் முன்னால் வைப்பான். கீய்ங் என்று சத்தம் வரும். வீட்டுக்காரர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள். தோண்டுகிற சாக்கில், உள்ளங்கையில் சுருட்டி வைத்திருக்கும் செப்புத் தகட்டைக் குழிக்குள் விட்டு, மண்ணோடு சேர்த்து அதையே செய்வினைத் தகடு என்று அள்ளிக் காட்டுவான். இவ்வளவுதான் வித்தை. இதற்குத்தான் புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வரை அவனுக்கு ‘தகடு எடுக்கிற சாமி’ என்று பெயர். பேண்ட் போட்ட சாமி.

இன்றைக்கு அந்த ஷூ பத்தடி தள்ளி, வேலிப் படல் ஓரமாகக் கிடந்தது.

“கன்னிமாரு நிக்கிற எடம் சாமி. காலுல எதுவும் போட்டுருக்கக் கூடாது” என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அமுதவல்லி என்று பெயர். போனில் கூப்பிட்டவள். மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை, யாரோ எதையோ புதைத்து வைத்திருக்கிறார்கள், மிஷினோடு வந்து எடுத்துக் கொடுங்கள் என்று சொன்னாள்.

ரகுநாத் கருவியைத் தூக்கிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு மேல் கொண்டுவந்தான். மறுபடி கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை, இழுத்து இழுத்து, மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம். பேட்டரி வீக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததில் கொஞ்சம் நிம்மதி வந்தது.

அன்னவாசல் ரோட்டை விட்டு இறங்கி, தைல மரக் காட்டுக்குள் வண்டித்தடம் போகிற வரைக்கும் போனால் வருகிற தனி வீடு அது. ஓட்டு வீடு. சுற்றிலும் ஒரே மாதிரி வெளுத்த மரங்கள், காற்றே இல்லாமல் உதிர்ந்துகொண்டிருக்கும் காய்ந்த இலைகள், ஜலதோஷத்துக்குத் தேய்க்கிற மருந்து மாதிரி மூக்கைக் குடையும் வாடை, அந்த வாடைக்கு அடியில் மழை பெய்யாமலே ஈரமாகிப்போன செம்மண்ணின் வாடை. வெயில் சாய்ந்துவிட்டது. கூட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் குருவி, காக்கை ஒன்றின் குரலும் இல்லை. வந்து இறங்கியதிலிருந்தே அவனுக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. இடத்துக்கும் அவனைப் பிடிக்கவில்லை என்றுதான் பட்டது.

வழக்கமாக இந்த வேலைக்குப் போனால் ஒரு கூட்டமே நிற்கும். மாமன், மச்சான், பக்கத்து வீடு, அழுகிறவர்கள், அதட்டுகிறவர்கள். கூட்டம் இருந்தால்தான் அவனுக்கும் கை ஓடும். இங்கே அமுதவல்லி மட்டும் சுவரில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில் ஒரு மண்வெட்டி. அவள் அழவில்லை, கேள்வி கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அவன் கைகளையே பார்த்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. சின்னப் பிள்ளையின் வறட்டு இருமல். எங்கேயோ கேட்ட இருமல்.

“பாப்பாவா?” என்றான்.

“ஆமா. சிவரஞ்சனி.”

பெயரைப் போனிலேயே சொல்லியிருந்தாள். பூஜைக்கு என்று சொல்லி அவன் முன்கூட்டியே கேட்டு வாங்குவது அது. தகட்டில் கீற வேண்டுமே. தன் மகளுடைய பெயரும் அதுதான் என்பதால் கீறும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஊரில் எத்தனையோ சிவரஞ்சனி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த காம்பஸ் முள்ளால், அவள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த அதே மேஜையில் உட்கார்ந்து கீறினான். பிறகு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பச்சை பிடிக்க வைத்தான். என்ன எழுதுறீங்கப்பா என்று கேட்டவளை, போய்ப் படி என்று விரட்டினான்.

“இங்கதாம்மா இருக்கு” என்று குரலை ஏற்றிச் சொன்னான். தானாகக் கத்தினால் என்ன, வேலை சுலபம்.

களைக்கொத்தால் தோண்டினான். செம்பாறை கலந்த மண் என்று நினைத்து ஓங்கிப் போட்டால் கொத்து பொசுக்கென்று இறங்கியது. யாரோ முன்னாடியே தோண்டி மூடிய மண். கையை விட்டு அள்ளினான். வெதுவெதுப்பாக இருந்தது. நாள் முழுக்க வெயில் அடித்த மண் அப்படித்தான் இருக்கும். ஆனால் மேலே ஆறியிருந்தது, உள்ளே போகப் போகத்தான் சூடு.

அவள் பார்க்காதபடி உடம்பைத் திருப்பி உள்ளங்கையைத் திறந்தான். தகடு குழிக்குள் விழுந்தது.

உள்ளே இருமல் நின்றது.

தகட்டை எடுக்கக் குனிந்தபோதுதான் அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று மின்னியது. ஒரு தோடு. நீலக்கல் வைத்த கவரிங் தோடு. அதன் தண்டில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

அந்த நூலைச் சுற்றியவள் ரஞ்சிதா. அவன் மனைவி. திருகாணி லூசாக இருக்கிறது என்று ராத்திரி சோறு வைத்துவிட்டு வந்து சுற்றினாள். போன வாரம் பஸ்ஸில் வந்த சிவரஞ்சனி ஒற்றைத் தோட்டோடு வீட்டுக்குள் நுழைந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு அத்தை தூங்கித் தூங்கி மேலே சாஞ்சாங்கப்பா, அதுல விழுந்துருக்கும் என்று அழுதாள். அவன் அதற்கு ஒரு அறை விட்டான்.

ரகுநாத் பயந்துவிட்டான். இத்தனை வருஷம் அடுத்தவர்களை எதைச் சொல்லிப் பயமுறுத்தினானோ, அந்தப் பயம்.

எழுந்து வாசலுக்கு ஓடி உள்ளே பார்த்தான். ஒரே அறை. பாய் இல்லை, தலையணை இல்லை, அடுப்பு எரிந்த தடமே இல்லை. சுவரில் ஒரு பெண்ணின் போட்டோ, வாடிய மாலை.

“பிள்ளை எங்க?”

“ஒங்க வீட்லதான இருக்கு” என்றாள் அமுதவல்லி.

மறுபடி இருமல். வீட்டுக்குள்ளிருந்து இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக, குழிப் பக்கமிருந்து.

“போட்டோவுல இருக்கது எங்கக்கா செவந்தி. திருமயம் பக்கத்துல எங்க அண்ணன் வீட்டுக்கு வந்து தகடு எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? யாரு வச்சதுன்னு அண்ணன் கேட்டுச்சு. வெளியாளு இல்ல, ரத்தச் சொந்தம், பொம்பள, மேக்க இருக்கான்னு சொன்னீங்க. மேக்க அக்கா ஒருத்திதான் இருந்தா.”

அவனுக்கு ஞாபகமில்லை. எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வான். ஒரு சொந்தம், ஒரு திசை. மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

“நான் வக்கலன்னு சத்தியம் பண்ணுனா. அப்புடின்னா மண்ணத் தின்னு சொல்லுன்னாங்க. தின்னா. பத்தாதுன்னு அவுங்களே அள்ளித் திணிச்சாங்க.” அவள் குரல் ஏறவே இல்லை. “நான் வாரதுக்குள்ள மூச்சு இல்ல சாமி.”

“அம்மா, நான்...”

“தகட எடுங்க. பொழுது போகுது.”

குழிக்குப் பாய்ந்தான். தோடு இருந்தது. தகடு இல்லை. மண்ணைக் கிளறினான். இல்லை. கருவியை இழுத்து வைத்தான். கத்தியது. ஆனால் முன்னை விட மெல்ல. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் மெல்ல. தகடு கீழே போய்க்கொண்டிருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. ரஞ்சிதா.

“என்னங்க, எங்க இருக்கீங்க? பாப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சுங்க. நல்லாத்தான் படிச்சுக்கிட்டு இருந்தா. வாயில மண்ணா வருது. செவப்பு மண்ணு. எடுக்க எடுக்க வருதுங்க...”

போனைக் குழி ஓரத்தில் போட்டுவிட்டுத் தோண்டினான். கொத்து கைநழுவிப் போனது. நகத்தால் தோண்டினான். முழங்கை வரை உள்ளே போனது. சூடு. ஈரம்.

குழி விளிம்பில் அமுதவல்லி வந்து நின்றாள். வெறுங்கால். கட்டை விரலால் கொஞ்சம் மண்ணை உள்ளே தள்ளினாள்.

போனில் ரஞ்சிதா அலறினாள்.

அவன் எட்டி அவள் காலைப் பிடித்தான். பிடித்த அந்த நேரத்துக்குள் கருவியின் சத்தம் இன்னும் ஒரு படி இறங்கியது. விட்டுவிட்டான். காலைப் பிடித்தால் தகடு போகிறது. தோண்டினால் மண் விழுகிறது. அவனுக்கு இருப்பது இரண்டு கை.

“விட்ருங்க. என் பிள்ள என்ன பண்ணுச்சு? சின்னப் பிள்ளைங்க அது!”

“எங்கக்கா என்ன பண்ணுச்சு?”

கட்டை விரல் மறுபடி அசைந்தது. மண் சரிந்தது. போனில் இப்போது வார்த்தை இல்லை. மூக்கால் இழுக்கிற மூச்சு மட்டும். அதுவும் அடைத்து அடைத்து.

ரகுநாத் குப்புறப் படுத்துவிட்டான். கன்னம் மண்ணில் அழுந்தியது. வலது கை தோள் வரை உள்ளே. தைல வாடை போய்விட்டது. மண் வாடை மட்டும். இருட்டிக்கொண்டு வந்தது. கருவி ஓய்ந்தது.

“தகட நான் எடுக்கல, நான் வைக்கவும் இல்ல” என்றாள் அமுதவல்லி. மேலிருந்து, நிதானமாக. அவன் வீடு வீடாகப் போய் நின்ற அதே நிதானம். “பேரக் கீறுனது யாரு? குழிக்குள்ள விட்டது யாரு? சொல்லுங்க சாமி. யாரு வச்சது?”

அவன் வாய் திறந்தது. உதட்டில் மண் ஒட்டியது.

“ரத்தச் சொந்தம்” என்றான்.

விரல் நுனியில் ஏதோ பட்டது. தகடு இல்லை. மெத்தென்று இருந்தது. உதடு. அதற்குள் பற்கள். சின்னப் பற்கள். முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது. ஸ்கூலில் ஓடி விழுந்து உடைத்துக்கொண்ட பல். எல்லாப் பற்களுக்கும் இடையில் மண் இறுகியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து சூடான மூச்சு வந்து அவன் விரலில் பட்டது. ஒருமுறை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை.

“பாப்பா” என்றான். “அப்பா வந்துட்டேன்டா. வாயத் தொற.”

இரண்டு விரலால் அந்த வாய்க்குள்ளிருந்து மண்ணை நோண்டி எடுக்கத் தொடங்கினான்.

மேலே, சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை அவள் எடுக்கும் சத்தம் கேட்டது.