சிவப்புத் துணியும் வேப்பங்கொத்தும்

செல்லக்கண்ணு பால்வாடியிலிருந்து ரோட்டுக்கு ஓடியது இது மூன்றாவது தடவை.

அவனுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அரியலூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில், பால்வாடியை ஒட்டித்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். லாரியைக் கண்டால் போதும், கல்லுக்கு மேலே அப்பா உட்கார்ந்திருப்பார் என்று எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள். டீச்சர் கத்தினால் மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். இவன் ஓடிக்கொண்டே இருப்பான்.

கிருஷ்ணம்மாள் டீச்சர் அவனுடைய அக்கா கொளஞ்சியைக் கூப்பிட்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. இனிமே இவனை அனுப்ப வேண்டாம்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிடு."

கொளஞ்சிக்குப் பகீரென்றது. அப்பா, அம்மா இருவரும் கல் உடைக்கப் போகிறவர்கள். தம்பி வீட்டில் இருந்தால் அவளும் வீட்டில்தான். அப்புறம் ஐந்தாம் வகுப்பு எங்கே, அவள் எங்கே?

"ஒரே ஒரு வாரம் குடுங்க டீச்சர். அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். சோத்துல கெடக்குற கடுகைக்கூடப் பொறுக்கி வெளிய வச்சிடுவான்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு வாரம்."

மறுநாள் பள்ளிக்கூட மணிக்கு முன்பே கொளஞ்சி பால்வாடிக்கு வந்தாள். ஒரு கையில் குச்சியில் கட்டிய சிவப்புத் துணி. மறு கையில் வேப்பங்கொத்து. பச்சைத் துணிக்கு அவள் எங்கே போவாள்!

"நீங்கல்லாம் ரயிலு. நான் கார்டு. வேப்பங்கொத்தைத் தூக்குனா ஓடணும், சிவப்பைத் தூக்குனா நிக்கணும். வாயால சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா எப்புடித் தெரியும்?" என்று கேட்டான் அமாவாசை. பால்வாடியின் பெரிய மனிதன் அவன்தான். வயது ஐந்து.

"என்னையே பாத்துக்கிட்டு இருக்கணும். மொதல்ல பாத்தவங்க பக்கத்துல இருக்குறவங்க தோளைத் தொடணும்."

அமாவாசை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஓடி நாலு பேரைத் தள்ளிவிட்டான். செல்லக்கண்ணு அக்காவின் கையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கடைசிவரை அவுட் ஆகாதவன் அவன்தான். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் துணியையும் கொத்தையும் டீச்சரே கேட்டு வாங்கிக்கொண்டார். பாவம், கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வியாழக்கிழமை காலை. கொளஞ்சி தம்பியை விட்டுவிட்டுக் கிளம்பும் நேரம், லாரி வந்தது.

"அப்பா! அப்பா!" மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பாய்ந்தது. வாசலில் நின்ற டீச்சர் சிவப்பைத் தூக்கினார்.

செல்லக்கண்ணு சட்டென்று நின்றான். பக்கத்தில் ஓடிய அமாவாசையின் தோளைத் தொட்டான். அவன் நிற்பதாயில்லை. சட்டையைப் பிடித்து ஓர் இழுப்பு! அமாவாசை பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தான். பின்னால் வந்தவர்களும் ஒருவர் தோளை ஒருவர் தொட்டு நின்றார்கள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"டீச்சர், இவன் என்னைய இழுத்துட்டான்!" என்று அமாவாசை அழுதான்.

"நல்லா இழுத்தான். நாளைக்கும் இழுப்பான்," என்றார் டீச்சர்.

"நாளைக்குமா டீச்சர்?" என்று கேட்டாள் கொளஞ்சி.

"நாளைக்கும்தான், அடுத்த வருசமும்தான். ஒனக்கு மணி அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! ஓடு!"

தாமதமாக வந்ததற்காக, ஐந்தாம் வகுப்பு சாமிதுரை சார் அவளைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். கொளஞ்சி சிரித்துக்கொண்டே ஏறி நின்றாள்.