ஒரே ஒரு தொடுகை

காலை ஐந்தரைக்குச் செலின் காட்டுக் கதவில் இரு உள்ளங்கைகளையும் பதித்தாள். கைவாசிப்பான் பச்சையாக மின்னியதும் கதவு விலகியது. சிறுமலை அடிவாரத்தில் மிஞ்சியிருந்த நான்கு ஏக்கர் குறுங்காட்டுக்குப் பதினோரு இளவேனில்களாக அவள்தான் காப்பாளர்.

புங்கை துளிர்த்திருந்தது. அவள் தொட்டிகளின் நீர்மட்டம் பார்த்தாள். காய்ந்த கிளைகளை நீள்கோலால் ஒதுக்கினாள். விலங்கு எதையாவது நெருங்கினால் கோல் தானாகவே மடங்கிக்கொள்ளும். மனிதக் கைகளிலிருந்து பரவிய காய்ச்சலில் காடுகள் காலியான பிறகு வந்த சட்டம் அது: எந்த உயிரையும் தொடக் கூடாது. ஆனாலும் சட்டம் எழுதியவர்கள் மனம் கல்லல்ல. காப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஆயுளில் ஒரு தொடுகை அனுமதித்திருந்தார்கள். தொட்டவருக்கு மறுபடி எந்தக் காடும் திறக்காது.

செலின் தன்னுடையதைத் தேவாங்குக்காக வைத்திருந்தாள். போன ஆண்டு அதன் பிரசவம் சிக்கலாகிக் குட்டி இறந்தபோது அவள் விடுப்பில் இருந்தாள். இப்போது மறுபடி நிறைசினை. ஒரு வாரமாக அவளுக்கு உறக்கமில்லை, சோறு இறங்கவில்லை. நேற்று முழுவதும் தேவாங்கு இருந்த இலுப்பை மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

அதனால்தான் புங்கையில் முறிந்து தொங்கிய கிளையை ஒதுக்காமல் விட்டிருந்தாள். இரவுக் காற்றில் அது விழுந்திருந்தது. அதன் அடியில் வால் மாட்டிய ஓர் அணில் குட்டி. தாய் அணில் பிடரியைக் கவ்வி இழுப்பதும், முடியாமல் கத்துவதுமாக இருந்தது. எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன.

செவிப்பொறியில் கண்காணிப்பு அறை ஒச்சப்பனின் குரல் வந்தது.

“ஏத்தா, ஒரே எடத்துல எம்புட்டு நேரந்தான் நிப்ப?”

“அணில் குட்டிண்ணே. நான் விட்ட கிளைதான் அது மேல கெடக்கு.”

“அணிலுக்கா பஞ்சம்? தேவாங்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பதினோரு வருசமா பொத்தி வச்சத இதுக்கா விடப் போற?”

“அது பெரிய உசுரு, இது சின்ன உசுருன்னு கர்த்தர் எங்கிட்ட சொல்லலையேண்ணே.”

அவள் குனிந்து ஒரு கையால் கிளையைத் தூக்கி, மறு கையால் குட்டியை எடுத்தாள். எறும்புகளை விரலால் தட்டிவிட்டாள். குட்டியின் சூடு உள்ளங்கையில் ஒரு கணம் நின்றது. தாய் பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு மரமேறியது.

வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டது. மேலே கண்காணிப்பு அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒச்சப்பன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

“இங்கயா எனக்கு வேலை?”

“தொட்ட ஆளுகளுக்கெல்லாம் இங்கதான்.”

“நீங்க எதைத் தொட்டீங்கண்ணே?”

“தவளை. அதுவும் சொறித்தவளை.” அவர் சிரிக்கவில்லை. “அந்தா மூலையில இருக்காரே, அவரு ஓணான். பெருசா எதுக்கோன்னு வச்சிருந்தவுக யாரும் பெருசுக்குச் செலவழிச்சதில்லத்தா.”

திரையில் தேவாங்கு கிளையை இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கியது. வலி கண்டுவிட்டது. புதிய காப்பாளர் வர மூன்று நாளாகும். கதவு திறக்காத இருபது கைகள் மேசை மேல் இருந்தன. செலின் தன் கைகளைக் கூப்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கூப்பினார்கள்.