ஆறு மணிக் கணக்கு

மாலை ஆறு மணிக்குத் திருப்பூரில் ஒரு நிமிடம் யாரும் பேசுவதில்லை. டீக்கடையில் நீட்டிய டம்ளர் நீட்டியபடி நிற்கும். பனியன் கம்பெனி வாசலில் சுமை இறக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். கடன்களை நேர்செய்யும் நிகரி என்ற செயலி ஊர்க் கணக்கை முடிக்கும் நேரம் அது.

மரகதம் மூன்று வருடமாக அந்த ஒரு நிமிடத்தை வேடிக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இன்று, சனிக்கிழமை காலையில்தான் தன் பட்டறையை நிகரியில் சேர்த்தாள். அனுப்பர்பாளையத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து, அதாவது பட்டன் துளை தைத்து, பட்டன் வைத்துக் கொடுக்கும் பட்டறை. எட்டு மெஷின், எட்டுப் பெண்கள்.

மணி ஐந்து ஐம்பது. கைப்பேசி அடித்தது. நாச்சிமுத்து. அவளுக்கு வரும் சட்டைகளில் முக்கால்வாசி அவருடைய ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து வருபவை.

"என்ன அம்மிணி, நிகரில பில்லு ஏத்திப்புட்டயாமா?"

"ஏத்திட்டனுங்ணா."

"எடுத்துரு. பத்தாந்தேதிக்கு நானே பாதி தர்றேன்."

"போன மூணு மாசமும் பத்தாந்தேதிதான் சொன்னீங்க. உங்க கேலண்டர்ல அந்தத் தேதியே கெடையாதாட்ட இருக்குது."

மறுமுனையில் ஒரு கனைப்பு. "இத்தன வருசம் பழகிட்டு இப்படிப் பண்ணுனா, இனி என்ற கம்பெனிச் சட்டை ஒண்ணு கூட உன்ற பட்டறைக்கு வராது. யோசிச்சுக்கோ."

"செரிங்ணா" என்றாள் மரகதம். குரல் நடுங்கவில்லை. ஏற்றிய பில்லை எடுக்கவுமில்லை.

யோசிக்க இனி ஒன்றுமில்லை. ஏழு மாதமாகத் தேங்கிய பில், ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய், அவரிடம் நிற்கிறது. மெஷின் கடனில் நாலு லட்சத்துப் பத்தாயிரத்தைத் திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் எட்டு மெஷினையும் ஏலம் விடுவதாக வங்கி எழுதிவிட்டது.

நாச்சிமுத்து பணமில்லாத ஆளில்லை. கடைசி பில்லைத் தராமல் வைத்திருப்பது ஊர் வழக்கம். தந்துவிட்டால் பட்டறைக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்; நிறுத்தி வைத்தால் அந்தக் காசுக்காகவாவது அடுத்த லோடுக்கு வந்து நிற்பார். நிகரி வந்த பிறகும் அது மாறவில்லை. பில்லைப் பட்டறைக்காரர்தான் நிகரியில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் அடுத்த லோடு கிடைக்காது. ஆகவே பட்டறைக்காரர் யாரும் ஏற்றவில்லை.

ஆறு மணி ஆனது.

நிகரி பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. யார் யாருக்குத் தர வேண்டும் என்று ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும். மரகதம் நூல்கடைக்குத் தர வேண்டும்; நூல்கடை சாயப்பட்டறைக்கு; சாயப்பட்டறை, சாயம் பிடிக்காமல் வீணான துணிக்காக நாச்சிமுத்துவுக்கு; நாச்சிமுத்து மரகதத்துக்கு. இப்படி ஒரு வட்டம் தென்பட்டால், ஒரு ரூபாய் கூட நகராமல் அதை அழித்துவிடும். வட்டத்தில் அடங்காத மீதிதான் வங்கிக் கணக்கிலிருந்து நகரும். சரக்கு வந்து சேர்ந்ததா என்று கேள்வி கேட்பாரும் இல்லை. கம்பெனி வாசலில் இருக்கும் வாசற்கண் என்ற கேமரா ஒவ்வொரு சட்டையையும் எண்ணித்தான் உள்ளே விடுகிறது.

திரையில் ஒவ்வொரு வரியாக அணைந்தது. நூல்கடை, எழுபதாயிரம்: வட்டம், தீர்ந்தது. கட்டட வாடகை, இருபதாயிரம்: தீர்ந்தது. அடுத்து வங்கி.

வங்கி: வட்டம், தீர்ந்தது.

அவள் அந்த வட்டத்தை விரித்துப் பார்த்தாள். அதில் மூன்றே பேர். நாச்சிமுத்து அவளுக்குத் தர வேண்டும், அவள் வங்கிக்குத் தர வேண்டும், வங்கி நாச்சிமுத்துவுக்குத் தர வேண்டும். அவருடைய வைப்புத்தொகை அதே கிளையில்தான் இருந்தது. அவள் மெஷினை ஏலம் போட இருந்தவர்களிடமே அவளுக்கு வர வேண்டிய பணம் ஏழு மாதமாகப் படுத்துக் கிடந்திருக்கிறது.

மரகதம் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூச்சு விடாமல் குடித்தாள். சேலையெல்லாம் நனைந்தது. துடைக்கத் தோன்றவில்லை. எட்டு மெஷினும் அவளுடையவை. இனி எந்த வங்கிக்காரன் போன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுக்கலாம்.

பிறகுதான் மீதியைப் பார்த்தாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தெட்டாயிரம் இருந்தது. மேலே அவள் எழுதாத ஒரு வரி.

தொழிலாளர் எட்டுப் பேர், தலா ஒரு வாரச் சம்பளம், எழுபத்திரண்டாயிரம்: தீர்ந்தது.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. வேலைக்குச் சேரும் பெண்ணின் முதல் வாரச் சம்பளத்தை அவள் பிடித்து வைத்துக்கொள்வாள். "உள்ள இருக்கட்டும், வேலைய விட்டு நின்னுக்கறப்ப வாங்கிக்கோ" என்பாள். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான். அதைக் கடன் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை, அதனால் எழுதவுமில்லை. ஆனால் ஒவ்வொரு மெஷினிலும் தையல்காணி இருந்தது. எந்த விரல் எத்தனை காஜா எடுத்தது என்று முதல் நாளிலிருந்து நினைவில் வைத்திருக்கும் சில்லு. நிகரி அதைப் படித்திருக்கிறது. கொடுத்த சம்பளத்தோடு ஒப்பிட்டிருக்கிறது. எட்டுப் பேருக்கும் தலா ஒரு வாரம் குறைந்திருக்கிறது.

அறைக்கு வெளியே எட்டுக் கைப்பேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கின. மெஷின் சத்தம் நின்றது.

சற்று நேரத்தில் எட்டுப் பேரும் கதவருகில் வந்து நின்றார்கள். தோளில் சாப்பாட்டுப் பை. முன்னால் நின்றவள் செல்லக்கிளி. போடிப் பக்கத்துக்காரி, பட்டறையில் மூத்தவள்.

"நாங்க என்னக்கா தப்புப் பண்ணோம்?"

"என்னடி சொல்ற?"

"உள்ள இருந்த வாரம் வந்திருச்சு. கணக்கு முடிச்சு அனுப்புறப்பதான அத தருவீக? எட்டுப் பேரையும் ஒரே நாள்ல நிப்பாட்டுனா எப்பிடி? தீபாவளி வருதுல்ல?"

"அய்யோ, நான் நிறுத்தல. அத நிகரி போட்டுது."

"அப்ப நிகரி எங்கள நிப்பாட்டிருச்சா?"

"யாரும் யாரையும் நிறுத்தலடி! அது உங்க காசு. உங்களுக்கு வந்துருச்சு. அவ்வளவுதான். வேலை அப்படியே இருக்குது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அழத் தயாராக இருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். பின்வரிசையிலிருந்து ஜெபக்கனி கேட்டாள்.

"அப்போ நா ஊருக்குப் போலாமாக்கா?"

தூத்துக்குடிப் பெண். மகளைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். தீபாவளி முடிந்து ஆள் கிடைத்ததும் போகலாம், அந்த வாரத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று மரகதம் அவளிடம் சொல்லியிருந்தாள். எத்தனை தீபாவளிக்கு அப்படிச் சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தாள். மூன்று.

"போ சாமி" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கியவர் நாச்சிமுத்து. பத்து வருடத்தில் அவர் அந்தப் படியேறியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நல்லா பண்ணுன போ. உன்ற பில்லு தீர்ந்தது எல்லாத்துக்கும் தெரிஞ்சு, இன்னிக்குக் காலைல பதினாலு பட்டறைக்காரங்க ஏத்திட்டாங்க. எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு நா யாருகிட்டப் போறது?"

மரகதம் கையிலிருந்த நூல்கண்டை மேசையில் வைத்தாள்.

"இருவத்திரண்டாயிரம் சட்டை கெடக்குது. வெள்ளிக்கிழம கப்பல்."

"உங்க சட்டை இங்க வராதுன்னு நேத்துச் சொன்னாங்களே ஒருத்தரு."

"யாரு அவன்?" என்றார் நாச்சிமுத்து முகத்தை மாற்றாமல். "கண்டா சொல்லு, நானே நாலு வார்த்தை கேக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சட்டைக்கு நாலார ரூவாய்ங்ணா. அன்னன்னிக்குப் பில்லு ஏத்திருவேன்" என்றாள்.

"நாலு இருந்துச்சே?"

"அது ஏழு மாசம் கழிச்சு வர்ற காசுக்குங்க."

அவர் கூரையைப் பார்த்தார். பேரம் பேசப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் பேசவில்லை. "செரி" என்றார். எழுந்து வாசல் வரை போனவர் நின்றார்.

"ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லிப்போடாத. நேத்து நல்லாத் தூங்கினேன். யாருக்கு எந்தத் தேதி சொன்னோம்னு நெனப்பு வெச்சுக்கறதே தனிப் பொழப்பா இருந்துச்சு அம்மிணி."

கார் போன பிறகுதான் மரகதத்துக்கு உறைத்தது. இருபத்திரண்டாயிரம் சட்டைக்குத் தலையாட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை யார் வருவார்கள் என்று தெரியாது. இதுவரை அந்தக் கவலையே அவளுக்கு இருந்ததில்லை. உள்ளே ஒரு வாரம் இருந்தால் ஆள் தானாக வரும்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாற்பதுக்குச் செல்லக்கிளி வந்தாள். பின்னால் ஐந்து பேர். மரகதம் அவர்களை இரண்டு தடவை எண்ணினாள்.

"ரெண்டு பேரு வரலக்கா. ஒருத்தி வீட்டுப் பக்கத்துப் பட்டறைல சேந்துட்டா. ஜெபக்கனி சனிக்கிழமையே பஸ் ஏறிட்டா. போன் பண்ணா. மக இவளப் பாத்துட்டு ஆச்சி பின்னால போயி ஒளிஞ்சுக்கிருச்சாம்."

மரகதம் திரும்பி உள்ளே ஜெபக்கனியின் மெஷினைப் பார்த்தாள்.

"இன்னொண்ணுக்கா." செல்லக்கிளி பையை இறக்கவில்லை. "நாங்க ஆறு பேரும் நிகரில தனியா சேந்துட்டோம். சனிக்கிழமச் சம்பளம் வேணாம். அன்னன்னைக்கு எடுத்த காஜாவுக்கு அன்னன்னைக்குப் பில்லு. சட்டைக்கு இருவது பைசா கூட."

"இது எங்கடி கத்துக்கிட்ட?"

"நேத்து அந்தக் காரு வந்தப்ப நம்ம ராணி பக்கத்து மாடில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா."

மரகதம் மனக்கணக்குப் போட்டாள். ஐம்பது பைசா ஏற்றியிருக்கிறாள். இருபது போனால் முப்பது நிற்கும். அதைவிட, வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லாமல் ஆறு பேர் வந்து வாசலில் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் எங்கோ நகர்ந்தது.

"செரி. உள்ள வாங்க, டீ ஆறுது."

லோடு ஒன்பதரைக்கு வந்தது. இரண்டு மெஷின் சும்மா நின்றன. அவசரம் என்றால் அவளே உட்காருவது புதிதில்லை. ஆட்கள் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து எத்தனையோ லோடு முடித்திருக்கிறாள். ஜெபக்கனியின் மெஷினில் உட்கார்ந்தாள். தையல்காணி விரலைக் கேட்டது. வைத்தாள். 'பெயர்?' என்றது. இதுவரை அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுவாள். நிகரியில் சேர்ந்த பிறகு தாண்ட முடியவில்லை. மரகதம் என்று சொல்லிவிட்டு முதல் சட்டையை எடுத்தாள்.

மாலைக்குள் ஐயாயிரத்து எழுநூறு சட்டை முடிந்தது. இதே வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமைக்குக் கவலையில்லை.

ஆறு மணிக்கு ஆறு கைப்பேசிகள் சிணுங்கின. யாரும் பயப்படவில்லை. ராணி தன் தொகையைச் சத்தமாகப் படித்தாள். ஏழாவதாக மரகதத்தின் கைப்பேசியும் சிணுங்கியது.

தொழிலாளர் மரகதம். இன்றைய வேலையும், கடந்த ஆறு வருடங்களில் பெயரில்லாமல் பதிவான வேலையும் சேர்த்து, பெற வேண்டியது பதினோரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய்.

அவள் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். தையல்காணி அந்த விரலை மறக்கவில்லை. அது யாருடையது என்றுதான் அதற்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவள் எடுத்த ஒவ்வொரு காஜாவையும் யாரோ எண்ணி வைத்திருக்கிறார்கள். பதினோரு லட்சம். வலது கடைவாய்ப் பல்லைக் கட்டலாம். ஒரு மாதம் படுத்துத் தூங்கலாம். ஒரு நொடிக்குள் அவள் என்னென்னவோ வாங்கிவிட்டாள்.

அடுத்த வரி வந்தது. தர வேண்டியவர்: மரகதம் காஜா பட்டன் பட்டறை. உரிமையாளர்: மரகதம்.

அதற்கும் அடுத்த வரி. வட்டம், தீர்ந்தது.

திரை வெறுமையானது. ஊரிலேயே சிறிய வட்டம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒரே ஒருத்திதான் அதில் இருந்தாள்.

"என்னக்கா, உங்களுக்கும் வந்திருச்சா?" செல்லக்கிளி எட்டிப் பார்த்தாள். "எம்புட்டு?"

"பதினோரு லட்சத்து எண்பத்தாறாயிரம்."

"ஆத்தாடி! யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. அழிஞ்சு போச்சு."

செல்லக்கிளிக்கு அவள் விளக்கிச் சொன்னாள். பாதி சொல்லும்போதே மரகதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளும் அந்தச் சிரிப்பில் சேர்ந்து வெளியே வருவதுபோல் இருந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு மெஷினை நிறுத்தி, உறையைப் போட்டு, செருப்பைத் தேடினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"அதுக்குள்ள கெளம்பிட்டீக? நாளைக்கு இதுல உக்காரலயா? நாங்க ஆறு பேர் மட்டும்னா வெள்ளிக்கிழமைக்குப் பத்தாதுக்கா."

"தெரியும். நாளைக்கு ஏழாவதா ஒரு ஆளப் பாத்துக் கூட்டிட்டு வா. நான் உக்கார மாட்டேன்" என்றாள் மரகதம். "அந்த ஓனரம்மா காசு தராதுடி. ஆறு வருசமா பாத்துட்டேன்."